ஏழாம் லயத்துக்குக் குடிவந்த பிரிண்டர் தொரை

எங்கள் தோட்டத்தில் கரண்டு மாமா கை வைக்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அவர் கை வைத்த பிறகு பழையபடி இருந்த பொருளும் ஒன்றுகூடக் கிடையாது. நோர்வூட் பக்கம் யாரைக் கேட்டாலும் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் அவர் எலெக்ட்ரீசியன். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பளத்தன்று கூப்பிடும்போது மட்டும் அது காதில் விழும். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுத்தார். பூசாரி மந்திரம் சொல்லச் சொல்ல, நடுநடுவே சிங்கள வானொலியின் கிரிக்கெட் வர்ணனை கேட்டது. விக்கெட் விழுந்ததும் அம்மன் முன்னால் கும்பிட்ட கையாலேயே பாதிப் பேர் கைதட்டினார்கள். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியையும் சரிசெய்தார். அதன்பிறகு அது சூடாகவே இல்லை. “இனிமே இது யாரையும் சுடாது புள்ள, பயமில்லாமப் புடிக்கலாம்” என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்.

மனிதர்கள் எல்லாரும் அவருக்கு வாடா, போடா, புள்ள. மரியாதை முழுவதும் மிஷின்களுக்குத்தான். தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டால் “ஐயாவுக்கு இன்னைக்கி மேலுக்கு முடியல, தொந்தரவு பண்ணாதீங்கடா” என்பார். மிஷின்கள் கெட்டுப்போவதே இல்லை, கோபித்துக்கொள்கின்றன என்பது அவருடைய கட்சி. அப்படியானால் தோட்டத்தில் இருந்த மிஷின்கள் எல்லாம் அவரோடுதான் அதிகமாகக் கோபித்துக்கொண்டன என்று சொல்ல வேண்டும்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த அவருடைய மகன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். தோட்டத்தில் வரிசை வரிசையாக இருக்கிற எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். அதே சமயம் தோட்டத்து ஆபீசுக்குப் புது பிரிண்டர் வர, பழையதை ஸ்டோரில் தள்ளினார்கள். மாமா பெரிய கிளாக்கரைக் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிவிட்டார். நெட்வேர்க் பிரிண்டர். அலுமாரியில் பாதி இருக்கும். நாலு பேர் கொழுந்து மூட்டை தூக்குவதுபோலத் தூக்கி வந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஆபீசிலிருந்து வந்ததால் அன்றைக்கே அதற்கு ‘தொரை’ என்று பெயராகிவிட்டது.

வாசலிலேயே அத்தை மறித்தார்.

“இருக்கிறது ஒரு அறை. உள்ள நாம இருக்கிறதா, அது இருக்கிறதா? நீங்களே சொல்லுங்க.”

மாமா கொஞ்சம் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. அத்தை கதவைச் சாத்திவிட்டார்.

“நெட்வேர்க் பிரிண்டருன்னா பக்கத்துலதான் இருக்கணும்னு இல்ல, தூரத்துல இருந்தே அடிப்பாரு” என்று எங்களுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, கீழே எட்டாம் லயத்தில் இருந்த மச்சான் செல்வராசு வீட்டில் தொரையைக் குடிவைத்தார். ஏழாம் லயத்திலிருந்து தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலாக எட்டாம் லயத்துக்கு நீல நிறத்தில் ஒரு கேபிள் போனது. மறுநாள் காலையில் அதில் நாலு சேலையும் ஒரு பெட்ஷீட்டும் காய்ந்துகொண்டிருந்தன.

இந்தக் கூத்தில் எனக்கு என்ன வேலை என்றால், நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர நியமனம் இல்லாத தொண்டராசிரியை. ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டால் டக் டக்கென்று கணக்குப் போடுகிற பிள்ளைகள், பரீட்சை மண்டபத்தில் அச்சடித்த வினாத்தாளைக் கையில் கொடுத்ததும் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரியாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். டவுன் பிள்ளைகளுக்கு டியூஷனில் வாராவாரம் மாதிரித் தாள். எங்கள் பிள்ளைகள் அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிரதி எடுக்கிற ரோணியோ மிஷினை ஏற்கெனவே மாமா சரிசெய்திருந்தார் என்பதால், அந்தக் கதை அதோடு முடிந்தது.

“மாமா, எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு மாதிரித் தாள் அடிச்சுத் தருவீங்களா?”

“என்னா புள்ள இப்பிடிக் கேட்டுட்ட? தொரை அதுக்குத்தானே வந்திருக்காரு!”

இரண்டு நாள் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வினாத்தாளைத் தட்டினேன். மூன்றாம் நாள் மாமா பொத்தானை அழுத்தினார். பிரிண்டரைக் காணவில்லை என்றது கம்ப்யூட்டர். மாமா வாசலுக்கு ஓடி எட்டாம் லயத்தைப் பார்த்துக் கத்தினார்.

“டேய் செல்வராசு! தொரை எந்திரிச்சிட்டாரா?”

“எந்திரிச்சிட்டாரு மச்சான்! பச்ச லைட்டு எரியுது!”

“பின்ன ஏன் அடிக்க மாட்டேங்கிறாரு?”

“நான் எப்பிடிக் கேக்கிறது? அவரு எனக்கு என்னா சொந்தமா?”

சேலைகளின் பாரம்தான் காரணம் என்று முடிவுசெய்து கேபிளிலிருந்து எல்லாவற்றையும் உருவிப் போட்டார். எட்டாம் லயத்துப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்போதும் கம்ப்யூட்டரின் கண்ணில் பிரிண்டர் படவில்லை. பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. 

மகனிடம் கேட்கலாம் என்று, சிக்னல் கிடைக்கிற கோயில் மேட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஏறினோம். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க, விலாசம்போல ஆளுக்கு நாலு எண் கொடுக்க வேண்டும். மாமா அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதல் இரண்டு எண்ணும் தோட்டத்துக்குப் பொது. மூன்றாவது லயத்து நம்பர். நாலாவது வீட்டு நம்பர். கம்ப்யூட்டர் ஏழாம் லயம் நாலாம் வீடு, பிரிண்டர் எட்டாம் லயம் இரண்டாம் வீடு. தபால்காரருக்குக்கூட இவ்வளவு தெளிவாக யாரும் விலாசம் எழுதியிருக்க மாட்டார்கள்.

மகன் போனில் தலையில் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது.

“அப்பா, கடைசி நம்பரு மட்டுந்தான் வேறயா இருக்கணும். ஏழும் எட்டும் ஒன்னுக்கொன்னு பேசிக்காதுப்பா.”

“ஏன்டா பேசிக்காது? பீலித் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டாலும் ரெண்டு லயமும் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்?”

“பிரிண்டரோட எட்ட ஏழா மாத்துங்க, போதும்.”

மாமா போனை வைத்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வேதனையை நான் பார்த்ததில்லை.

“எட்டாம் லயத்துல இருக்கிறவர ஏழாம் லயம்னு பொய் சொல்லச் சொல்றான் புள்ள. ஒரு மிஷினுக்குப் பொய் வெலாசம் குடுக்கலாமா?”

“ஒரு நம்பர்தானே மாமா! பிள்ளைகளுக்காக மாத்துங்களேன்!”

“மாத்தலாம். மொறையா மாத்துவோம்.”

முறையாக என்றால் என்ன தெரியுமா? கொட்டுகிற மழையில் நாலு பேரைக் கூப்பிட்டு, தொரைக்கு இறப்பர் படங்கைப் போர்த்தி, எட்டாம் லயத்திலிருந்து ஏழாம் லயத்துக்குத் தூக்கி வந்தார். ஒரு பொத்தானில் முடிகிற வேலை. இந்த முறை அத்தையே கட்டிலை நிமிர்த்தி வைத்து இடம் கொடுத்தார். ஏழாம் லயம், நாலாம் வீடு என்று பிரிண்டருக்கு நம்பர் போட்டார் மாமா. உடனே கம்ப்யூட்டர், இதே நம்பரில் இன்னொருவர் இருக்கிறார் என்று கத்தியது. இருக்கத்தானே செய்வார், இரண்டும் ஒரே வீட்டில் அல்லவா?

“ஒரே வீட்டுல ரெண்டு பேரு தலைவரா இருக்க முடியாது” என்றார் மாமா. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். எங்கள் வீடு ஏழாம் லயம், ஐந்தாம் வீடு.

இப்படித்தான் பிரிண்டர் தொரை எங்கள் வீட்டுக்கு வந்து, ஐந்தாம் நம்பரோடு என் படுக்கை இருந்த இடத்தில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா பொத்தானை அழுத்தினார். தொரை இருமினார், உறுமினார், வீட்டு லைட்டெல்லாம் மங்கியது. முதல் தாள் வெளியே வந்தது. தலைகீழாக வந்தாலும் எழுத்து எழுத்தாக இருந்தது. நான் கத்திய கத்தலில் மாமா கேபிளிலேயே தடுக்கி விழுந்து ஓடி வந்தார். சூட்டோடு அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுவதற்கும் அடித்து முடித்தோம்.

பரீட்சை நாள் வரை என் பிள்ளைகள் தாளைப் புரட்டப் பழகினார்கள். பரீட்சையில் மூன்று பேர் தேறினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அது பெரிய விஷயம். செய்தி வந்ததும் தொழிற்சாலைக்கு ஓடினேன். மாமா ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, மூணு பேர் பாஸ்!”

இறங்கி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேயிலைத் தூசு என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தொரைகிட்டச் சொல்லிட்டியா புள்ள?”

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள் நான். பிரிண்டருக்குக் காது கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வீட்டுக்குப் போனேன். அம்மா வெளியே போகும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினேன். தேறிய மூன்று பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமா கேட்டால் பொய் சொல்ல எனக்கு மனம் வராது.