இரண்டாயிரத்து எழுபத்தைந்தில் பிறக்கவிருந்த மணப்பெண்

படித்தவன் செய்யும் பிழைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: அது விளக்கவுரையுடன் வரும். புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், என் பிழைக்குக் எங்கள் கரமனைத் தெருக்காரர்கள் முன்னிலையில் ஒரு சொற்பொழிவே ஆற்றியிருந்தேன்.

1999-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். கணினிகள் ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிப் பழகிவிட்டதால், புத்தாண்டு பிறந்ததும் 1900 வந்துவிட்டதாக எண்ணிக் குழம்பும், மின்சாரம் நிற்கும், விமானம் விழும் என்று நாளேடுகள் எழுதின. என் வீட்டுக் கணினியில் விழுவதற்கு விமானம் ஏதும் இல்லை. ஜாதகம் கணிக்க நானே எழுதிய நிரல் ஒன்றுதான் இருந்தது. பிறந்த ஆண்டின் இரு இலக்கங்களுக்கு முன்னால் அது தானாகவே 19 சேர்த்துக்கொள்ளும். அந்த 19-ஐ அழித்து 20 என்று போட்டேன். வரப்போகும் ஜனவரி முதல் தேதியைக் கொடுத்தேன். பிறவாத ஒரு குழந்தைக்கு அப்பழுக்கற்ற ஜாதகம் வந்தது. (ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள் எவரையும் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எதிர்காலத்தை நோக்கும் அறிஞனுக்கு அவர்கள் எதற்கு?)

அந்த வாரமே, கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு பையன் வீட்டார் என் மகள் மைதிலியின் ஜாதகத்தைக் கேட்டார்கள். பையனும் அவளும் ஒரு கல்யாணத்தில் பேசிப் பழகியிருந்தார்கள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள், முதன்முறையாக "சரி" என்றிருந்தாள்.

"ஜோஸ்யர்ட்ட எழுதி வாங்கிக் குடுத்தாப் போறாதோ?" என்றாள் என் மனைவி பார்வதி.

"ஜோஸ்யர் மனுஷன். தப்பு வரும்" என்றேன்.

நான் அச்சிட்டு அனுப்பிய தாளை எடுத்துக்கொண்டு, சில நாள் கழித்துப் பையனின் தகப்பனார் வந்தார். கணக்குத் தணிக்கையில் ஓய்வு பெற்றவர். காப்பியைத் தொடவில்லை.

"ஸார், என்னோட ரெண்டாவது பொண்ணும் எழுபத்தஞ்சுதான். அவளுக்குச் சனி மிதுனத்துல. உங்க பொண்ணுக்கு விருச்சிகத்துல. ஒரே வருஷத்துக்கு ரெண்டு சனி உண்டோ?"

கணித முறைகளின் வேறுபாடு குறித்து நான் விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தோஷம் இருந்தாப் பரிகாரம் பண்ணலாம். ஜாதகத்தைத் திருத்தற எடத்துல சம்பந்தம் பண்றது செரியாகாதாக்கும்" என்று எழுந்தார்.

கதவுக்குப் பின்னால் மைதிலி நின்றிருந்தது எனக்குத் தெரியும்.

பார்வதி முன்னால் வந்தாள். "திருத்தறதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமோ மாமா? இவருக்கு ஏது அது? வெண்டைக்காய் வாங்கப் போனா முத்தலா பாத்துப் பொறுக்கிண்டு வரவராக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, மாமாவோட தேதியைப் போட்டுப் பாருங்கோ. வருஷத்தை முழுசாக் காட்டச் சொல்லுங்கோ, அந்தப் பெட்டியை."

போட்டேன். அவர் 2038-இல் பிறப்பார் என்றது திரை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் படித்தார்.

"அப்போ நான் இன்னும் பொறக்கலை?"

"பொறக்கலை மாமா" என்றாள் பார்வதி.

"பின்னே இத்தனை வருஷம் ஆபீஸுக்குப் போனது யாராக்கும்?"

பார்வதிதான் முதலில் சிரித்தாள். அடுத்த சிரிப்பு கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஏமாற்றுக்காரன் அல்லன், வெறும் முட்டாள்தான் என்று நிரூபணமான நிம்மதியில் நானும் சேர்ந்துகொண்டேன். அவர் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தார். ஜோசியர் கையால் எழுதிய ஜாதகம் கிழக்கேகோட்டைக்குப் போயிற்று. தை மாதத்தில் கல்யாணம்.

இந்தக் கதையைச் சொல்லும் உரிமை பார்வதிக்கு மட்டுமே இருந்தது. எந்த விசேஷத்திலும் விடமாட்டாள். சம்பந்தியோ, மைதிலியின் பிறந்தநாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, "பொறக்கப்போற கொழந்தைக்கு ஆசீர்வாதம்" என்பார்.

பார்வதி போன ஆண்டு காலமானாள். காரியங்கள் முடிந்து உறவினரெல்லாம் புறப்பட்டுப் போன பிறகு, மைதிலி என்னருகே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா அம்பதுல பொறந்தவதானேப்பா?" என்றாள். "உங்க கணக்குப்படி, ரெண்டாயிரத்து அம்பதுலதானே வரணும்?"

மனத்துக்குள் ஒருமுறை சரிபார்த்தேன். பிழை இல்லை என்று சொன்னேன்.