இடது கண் திறக்காத கார்

வியாழக்கிழமை காலை, பல் துலக்கிய கையோடு ஒரு சபதம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் காரின் இடது கண்ணைத் திறந்து காட்டுவேன். மெக்கானிக் வாசற்படி மிதிக்கக் கூடாது. முடியாவிட்டால் கார் நிற்கும் ஷெட்டைக் காலி செய்து மனைவியிடம் ஒப்படைத்துவிடுவேன்.

"வார்த்தை மாற மாட்டீங்களே?" என்றாள்.

"நானா? மாறுவேனா?"

என் மனைவி தையல்காரி. மூன்று வருஷமாக ஹாலில் தரையில் மண்டிபோட்டுத்தான் துணி வெட்டுகிறாள். ஷெட் கிடைத்தால் மேஜை போடலாம், முட்டி பிழைக்கும் என்பது அவள் கட்சி. ரிப்பேர் வண்டியைத் தெருவில் விட்டால் அடுத்த மழையோடு அதன் கதை முடிந்தது என்பது என் கட்சி.

அது என்னைவிட இரண்டு வயது மூத்த கார். முகப்பு விளக்குகள் பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் மூடியைத் தூக்கிக்கொண்டு எழும்பும். மோட்டார் எல்லாம் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் ரப்பர் குழாய் வழியே போய் விளக்கை இழுத்துத் தூக்கும். வலது விளக்கு ஜோராக எழும்பியது. இடது விளக்கோ பாதி எழும்பி, யோசித்து, திரும்பப் படுத்துக்கொண்டது.

வியாழன் முழுக்கக் குழாய்களை மாற்றினேன். வெள்ளிக்கிழமை வால்வைக் கழற்றிக் கழுவினேன். சனிக்கிழமை, விளக்குக்குப் பின்னால் இருக்கும் டப்பாவையே பிரித்துப் பூட்டினேன். ஒரு திருகாணி மிச்சம் வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை. சாயங்காலம் பம்பரில் சாய்ந்து உட்கார்ந்தேன். நாளையோடு ஷெட் போகப் போகிறது.

கழுத்தில் இஞ்ச் டேப்போடு மனைவி வந்தாள்.

"எங்கெல்லாம் பாத்தீங்க?"

"பாக்காத இடமே இல்ல. குழாய் பூரா புதுசு."

"பேட்டரிக்குப் பின்னாடி ஒரு துண்டு பழசா இருக்கே?"

"அது நான் போட்டது. போன வருஷம்."

"அதான் கேக்குறேன்."

"நான் போட்டதுல தப்பு வராது!"

"மீன் தொட்டிக் குழாய்தானே இது? லூசா இருக்குன்னு நூல் வேற சுத்தியிருக்கு. என் நூலு! இன்ஜினை ஓட விடுங்க."

ஓட விட்டேன். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஸ்ஸ்ஸுன்னு இங்க காத்தை இழுக்குது. உங்களுக்குக் கேக்கல?"

கேட்டது. மூன்று நாளாகவே கேட்டிருக்க வேண்டும். அந்தத் துண்டைப் பிடுங்கி, சரியான ரப்பரைப் போட்டேன். சுவிட்சைத் தட்டினேன். இரண்டு கண்ணும் ஒன்றாக எழும்பி என்னைப் பார்த்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஜெயிச்சுட்டீங்க," என்றாள் அவள், ரொம்ப மரியாதையாக.

"அப்போ ஷெட் என்னோடது!"

"அப்படி எங்க பேசினோம்? சரி பண்ணலேன்னா ஷெட் எனக்குன்னீங்க. சரி பண்ணினா யாருக்குன்னு சொல்லவே இல்லையே. ரிப்பேர் வண்டியைத் தெருவுல விடக் கூடாதுன்னீங்க, நியாயம். இப்ப ரிப்பேர் எங்க இருக்கு?"

இன்ஜினை அணைத்தேன்.

"தோத்திருந்தா ஷெட் சும்மாவே உனக்கு வந்திருக்குமே! எதுக்கு வந்து அந்தக் குழாயைக் காட்டின?"

"தோத்தா இன்னும் ஒரு வாரம்னு கேப்பீங்க. மூணு வருஷமா கேக்குறீங்க. ஜெயிச்சவர் கேக்க முடியாதுல்ல?"

கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தேன். "சரி, மேஜை செய்யவே ஒரு மாசம் ஆகுமே?"

"செஞ்சாச்சு. நாளைக்குக் காலைல வருது."

"எப்ப செய்யச் சொன்ன?"

"போன மாசம்."

ஞாயிற்றுக்கிழமை கார் தெருவுக்குப் போனது, ஷெட்டுக்கு மேஜை வந்தது. நல்ல கனம். ஒரு பக்கம் தச்சர் பிடித்தார், மறுபக்கம் நான்.