பச்சைக் காரைப் பழிக்கத் தெரியாதவர்

வாளி நிறையச் சேற்றைக் குழைத்து வந்த ஃபின்டனுக்கு, காரின் முன்னால் நின்றதும் கை எழவில்லை.

"ஊத்துய்யா! கல்யாணப் பொண்ணைப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கற?" என்றான் பக்கத்துப் பண்ணைக் கஹல், வேலியில் சாய்ந்தபடி.

"கண்ணாடியில படாம ஊத்தறேன்."

"கண்ணாடியிலதான்யா முதல்ல ஊத்தணும்! வண்டி எவ்வளவு லட்சணமோ, அவ்வளவு வரி. ஊருக்கே தெரியும்."

எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டில் இருக்கும் டெர்ரியில் வாங்கி, இந்தப் பக்கம் டொனகாலுக்கு ஓட்டிவந்த பழைய கார். முப்பது நாளுக்குள் ஆய்வு மையத்தில் காட்டி, அவர்கள் போடும் மதிப்புக்குப் பதிவு வரி கட்டி, அயர்லாந்து எண் வாங்கியாக வேண்டும். பிஸ்கட் டப்பாவில் இருந்தது ஆயிரத்து இருநூறு யூரோ. வரி அதற்கு மேல் போனால் கார் டெர்ரிக்கே திரும்பிவிடும். கார் போனால் ஃபின்டனின் மனைவி நோரீனின் வேலையும் போகும். மலைச்சரிவில் தனித்தனியாகக் கிடக்கும் ஒன்பது கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறு கொடுத்துவருவதுதான் அவள் வேலை.

ஃபின்டன் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். மத்தியானத்துக்குள் மழை வந்து, சேற்றோடு பழைய தூசியையும் சேர்த்துக் கழுவிவிட்டது. கார் முன்னைவிடப் பளபளத்தது.

"என்ன பச்சை பாரேன்! மழைக்கே மனசு கேக்கல," என்றார் ஃபின்டன்.

கஹல் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு பெட்டை ஆடுகளை இழுத்துவந்து பின்சீட்டில் ஏற்றினான். "நாத்தத்தை எந்த மழை கழுவும்னு பாக்கறேன்."

ஆடுகள் சீட்டில் சௌகரியமாகப் படுத்துவிட்டன. சாயங்காலம் ஒன்று இறங்க மறுத்தது. காலைப் பிடித்து இழுத்தால் சீட் பெல்ட்டைக் கடித்துக்கொண்டது.

"பாத்தியா கஹல்? ஆட்டுக்கே தெரியுது, இது எப்பேர்ப்பட்ட வண்டின்னு."

வெளியே வந்த நோரீன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நாளைக்கு நான் இதுலதானே போகணும்? கண்ணாடியையாவது இறக்கு!"

இடது கண்ணாடி சிக்கிக்கொண்டது. ஃபின்டன் கைப்பிடிக்குக் கீழே முஷ்டியால் இரண்டு குத்து விட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"அது எப்படி உனக்குத் தெரிஞ்சுது?"

"வாங்கின அன்னிக்கே கை தானா அங்க போச்சு நோரீன்! வித்தவனே அசந்துட்டான், தனக்குப் பிடிபடவே ரெண்டு வருஷம் ஆச்சாம். இது எனக்குன்னே பொறந்த கார்."

"எட்டு வருஷம் முன்னால வித்தோமே, அந்த வெள்ளி நிற வண்டிகூட..."

"அந்தச் சனியனைப் பத்திப் பேசாதே! மேட்டுல ஏறினா இருமும். அதை வித்த அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன். அதையும் இதையும் ஒரே மூச்சுல சொல்றியே!"

ஆய்வு நாள் காலையில் ஆட்டு நாற்றம் அவருக்கே பொறுக்கவில்லை. நோரீனின் ஷாம்பு ஒரு பாட்டிலையும் காலி செய்து காரைக் குளிப்பாட்டினார். ரோஜா மணக்க மணக்கப் போய் நின்றது கார்.

"உள்ள போய் ஒரு வார்த்தை புகழ்ந்தே, வீட்டுப் பக்கம் வராதே," என்றாள் நோரீன்.

ஃபின்டன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். மையத்தில் இருந்த ப்ரோனா என்ற பெண் காரைச் சுற்றி வந்து, அடிச்சட்டத்தில் பொறித்திருந்த எண்ணையும் ஓடிய தூரத்தையும் குறித்துக்கொண்டாள்.

"வண்டியில ஏதாவது கோளாறுங்களா?"

"இருக்குங்க. இன்ஜின் வந்து..."

"சத்தமா?"

"பாடுதுங்க."

நோரீன் அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"பிரேக்?"

"நெனைச்சாலே நிக்கும்." இன்னொரு கிள்ளு.

"நீங்க என்ன சொன்னாலும் ஒண்ணுதான். நாங்க அழகைப் பாத்து மதிப்புப் போடறதில்லை," என்று சிரித்த ப்ரோனா, எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்ததும் அவள் புருவம் உயர்ந்தது.

வரி எகிறிவிட்டது என்றே ஃபின்டன் முடிவுகட்டிவிட்டார். காரைத் திட்ட வாய் வரவில்லை. யாரையாவது திட்டித்தானே ஆகவேண்டும்?

"எல்லாம் இதை முதல்ல வெச்சிருந்தவனாலதாங்க! வடிகட்டின மடையன். ஆயிலே மாத்தியிருக்க மாட்டான். இப்படி ஒரு தங்கத்தைக் கைவிட எவனுக்காவது மனசு வருமா? அவனை நெனைச்சாவது மதிப்பைக் குறைச்சுப் போடுங்க!"

"குறைக்க ஒண்ணுமில்லைங்க. வரியே கிடையாது."

"கிடையாதா!" நோரீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது முதன்முதலா நம்ம நாட்டுலயே பதிவான வண்டி. அப்பவே வரி கட்டியாச்சு. அப்புறம்தான் எல்லை தாண்டிப் போய் வேற பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருக்கு."

ஃபின்டன் நிமிர்ந்தார். பயம் போனதும் கோபம் வந்துவிட்டது. "அப்ப அந்த மடையன் நம்ம ஆளுதானா! யாருங்க அவன்? நேர்லயே போய் நாலு வார்த்தை கேக்கறேன்."

ப்ரோனா திரையை ஒரு தரமும் அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தை ஒரு தரமும் பார்த்தாள்.

"எங்கேயும் போக வேண்டாங்க. பேரும் விலாசமும் நீங்க இதுல எழுதியிருக்கறதேதான்."