சித்தப்பா ஆட்டத்துக்கு அழைத்தபோது

இணையத்தில் செஸ் விளையாடிப் பழகுகிற எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. தாங்கள் நாளுக்கு நாள் முன்னேறிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அது. நானும் என் சித்தப்பாவும் அப்படியே நம்பியிருந்தோம்.

நான் கோப்பாயில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சித்தப்பா, அதாவது என் அப்பாவின் தம்பி, நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவர். அவருடைய ஒரே மகன் குகன், முகத்தைப் பார்த்துக் கதைக்கவென்று ரொறொன்ரோவிலிருந்து ஒரு டேப்லெட் அனுப்பியிருந்தான். அதில் செஸ் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது நான்தான். தன் ஆட்டக்காரப் பெயராகச் சித்தப்பா 'கதலிராசா' என்று போட்டுக்கொண்டார். படத்துக்கு, தோளில் ஒரு கதலிக்குலையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்ற படம்.

பின்னேரங்களில், அவர் தோட்டத்தாலும் நான் பள்ளிக்கூடத்தாலும் வந்த பிறகு, ஒருவரையொருவர் ஆட்டத்துக்கு அழைத்து விளையாடுவோம். வீடியோக்கள் பார்த்து, ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று பாடமாக்குவோம். எதிராளி வீடியோவில் இல்லாத விதமாக ஒரு காயை நகர்த்தியதும் தோற்றுப்போவோம். வெளியாள் ஒருவருடன் விளையாடிவிட்டுச் சித்தப்பா உடனே போன் எடுப்பார்.

"தயா, உவன் வீடியோவிலை இல்லாத காய் வைக்கிறானடா! உது சரியே?"

செஸ் புதிர்கள் போடுவதில் நாங்கள் வலு கெட்டிக்காரர். புதிரில் ராணியைப் பலி கொடுத்து ஆட்டத்தை வெல்லுவோம். உண்மையான ஆட்டத்தில் ராணியைப் பலி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஒரு காலையில் வாழைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசியம் இருக்கவில்லை; அதற்குள் உயிர் போய்விட்டது.

குகனால் வர முடியவில்லை. அவனுடைய வதிவிட அனுமதி இன்னும் சரிவரவில்லை. கனடாவை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக விடமாட்டார்கள். ஆகவே அந்த டேப்பில் வீடியோ கோல் எடுத்து, குகனின் தாயான என் சின்னம்மா அதை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். பெட்டி மூடும்வரை மகன் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்பது ஏற்பாடு.

இரங்கலுரை என் பொறுப்பு. (வாத்தியார் என்றால் பேசத் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு மூடநம்பிக்கை.) உரையைப் போனிலேயே எழுதி, கண்ணாடிக்கு முன் நின்று வாசித்துப் பழகியும் இருந்தேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட முடிவாகியிருந்தது.

கிரியைகள் முடிந்தன. அந்தப் பகுதியில் எந்தச் செத்தவீட்டையும் முன்னின்று நடத்துகிற சிவம் அண்ணை மைக்கை என் கையில் தந்தார்.

"சுருக்கமாப் பேசும், தம்பி. வெய்யில் ஏறுது. நீர் முடிச்ச உடனை பெட்டியை மூடவேணும்."

நான் தொடங்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் இரண்டொருவர் கண்ணைத் துடைத்ததைக் கடைக்கண்ணால் பார்த்தும்விட்டேன். அந்தத் தென்பில் குரலை இறக்கினேன்.

"எங்கள் கைக்கெட்டாத தூரத்துக்கு அவர் சென்றுவிட்டார். இனி ஒருபோதும் அவர் எங்களை அழைக்கப்போவதில்லை..."

டிங் என்றது போன்.

உரை மறைந்தது. அது இருந்த இடத்தில் கதலிக்குலையோடு சித்தப்பா சிரித்துக்கொண்டு நின்றார். கீழே, 'கதலிராசா உங்களை விளையாட அழைக்கிறார்.' அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள்: ஏற்கலாம், மறுக்கலாம்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற வகையில், ஒரு டேப்பில் யார் கை பட்டாலும் அது வேலை செய்யும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"ஐயோ சித்தப்பா! நான் இப்ப வரேல்லை!" என்று மைக்குக்குள் கத்தினேன்.

ஒலிபெருக்கி அதைச் சந்திவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. வாசலில் இளைப்பாறிக்கொண்டிருந்த மேளகாரர்கள் பெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து அடிக்கத் தொடங்கினார்கள். நான் பெட்டிப் பக்கம் பார்த்துத்தான் கத்தியிருக்கிறேன் போல. "என்ன, அசையுதோ?" என்று யாரோ கேட்டார்கள். அதோடு முன்வரிசை முழுவதும் எழும்பியது. பிளாஸ்டிக் கதிரைகள் கவிழ்ந்தன. சிவம் அண்ணை மட்டும் ஓடவில்லை. அவர் குனிந்து சித்தப்பாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவர் குனிந்து நிமிர்ந்ததற்கு இடையில் சின்னம்மா சித்தப்பாவின் முகத்தைப் பார்த்த பார்வை ஒன்று இருக்கிறது. இந்தக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறகு சின்னம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தயா, அது நானடா. குகன்ரை படம் நிண்டுபோச்சு. ஆளைக் காணேல்லை. எதையெதையோ அமத்தினன். உன்ரை படம் ஒண்டு வந்துது. அதை அமத்தினால் நீ வருவாய் எண்டு நினைச்சன் மோனை."

டேப்பை வாங்கிப் பார்த்தேன். திரையில் என் படம். என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டுக் குகனுக்குக் கோல் எடுத்தேன். வேட்டியோடு, ஒரு சின்ன அறையில், தனியே நிலத்தில் இருந்தான்.

"மூடிட்டாங்களோ?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லையடா. இன்னும் மூடேல்லை."

நான் கத்தாமல் ஒழுங்காகப் பேசி முடித்திருந்தால் மூடியிருப்பார்கள். டேப்பைத் திருப்பி, சித்தப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். சிவம் அண்ணை ஒருமுறை வெய்யிலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கவிழ்ந்த கதிரைகளை நிமிர்த்தப் போனார்.

கனநேரத்துக்குப் பிறகு குகன், "ஏன் மேளம் அடிக்கினம்? சனம் எல்லாம் ஏன் வெளியிலை நிக்குது?" என்று கேட்டான்.

சொன்னேன். அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"அப்பா உன்னை விளையாடக் கூப்பிட்டவரோ?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனீ?"

"வரேல்லை எண்டனான்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, அழுகைக்குள்ளிருந்து திரும்பவும் சிரிப்பாக வந்தது. சின்னம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

என் உரை அந்த வரியோடு நின்றதுதான். இப்போதெல்லாம் செத்தவீடுகளில் நான் பேச எழும்பினால், சிவம் அண்ணை மைக்கைத் தருவதற்கு முன் கையை நீட்டுகிறார். "முதல் போனைத் தாரும்."

சின்னம்மா அன்றைக்கு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சாதாரணமாகப் போன் எடுத்தால் நான் சில நேரம் கவனிக்காமல் விடுவேன். அந்த 'டிங்'குக்கு மட்டும் எங்கிருந்தாலும் எழும்பிவிடுவேன். ஆகவே காஸ் சிலிண்டர் முடிந்தாலும், தண்ணீர் மோட்டர் வேலை செய்யாவிட்டாலும் டேப்பை எடுத்து என் படத்தை அமத்துகிறார். நான் 'ஏற்கலாம்' என்பதை அமத்துவேன். வாறன் என்று அர்த்தம். உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவேன். சின்னம்மாவுக்கு விளையாடத் தெரியாது. திரையில் காய்கள் வந்து நிற்கின்றனவே என்று ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு, டேப்பை வைத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்தது என் முறை. நான் நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருப்பேன். அங்கே போய்ச் சேருவதற்குள் என் நேரம் முடிந்து, நான் தோற்றிருப்பேன். அந்த வெற்றிக்கான புள்ளிகள் கதலிராசாவுக்குப் போகும்.

எங்கள் வீட்டில் இப்போது யாருடைய போன் சத்தம் போட்டாலும், "சித்தப்பா கூப்பிடுறார், வரேல்லை எண்டு சொல்லுங்கோ" என்று என் மனைவி குசினிக்குள் சமைத்தபடியே குரல் கொடுக்கிறாள். போன மாதம் குகன் இரண்டு பேருடைய புள்ளிகளையும் படம்பிடித்து அனுப்பியிருந்தான். கீழே ஒரே ஒரு வரி.

"அப்பா உன்னைத் தாண்டிட்டார்."

உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவரால் முடியாத காரியம். ஏதாவது பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுத நேரம் இருக்கவில்லை. சின்னம்மா வீட்டு மோட்டர் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. சிப்பாயைத் தள்ளியாயிற்று.