பைக் லோன் பரணி

பாக்கி என்னும் மாசு படியாத மனிதன் இப்பூவுலகில் ஒருவன் உண்டெனில், அவன் பட்டாபிராம் வாழ் ஜாபஸ். அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையின் கோமான், ஏழு ஐம்பது மின்ரயிலின் ஜன்னலோர வேந்தன். அவன் புகழ் வாழ்க! சான்று கேட்போர்க்கு, அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

அவன் மனைவி ஞானகுமாரியோ, கேஸ் பில் முதல் ஞானஸ்நானச் சீட்டு வரை எக்காகிதம் கைக்கு வந்தாலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் சேர்க்கும் தவத்தினள். "ஜெராக்ஸ் கடைக்காரன் ஊட்டுக்கு மேல்மாடி நீதான் கட்டித் தர்ற" என்று நகைப்பான் நாயகன்.

அந்நாளில் திருநின்றவூரில் அரை கிரவுண்டுக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் தந்திருந்தான். இரண்டு மாதத்தில் பத்திரம் முடியாவிடில் அட்வான்ஸ் போச்சு. வங்கியோ லோன் மறுத்தது. கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்தால், நான்கு ஆண்டுகளுக்குமுன் கட்டி முடித்த பைக் லோன், வெட்ட வெட்டத் தலை முளைக்கும் அரக்கனென, கட்டவில்லை என்று சிவப்பில் சிரித்தது!

சினந்தான் ஜாபஸ். மதங்கொண்ட களிறு கரும்புத் தோட்டம் புகுந்தாற்போல் கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனியின் இணையப் புகார்ப் பக்கத்தில் புகுந்தான். ஓடிபி என்னும் ஆறிலக்க அம்புகள் மும்முறை வந்து மும்முறையும் காலாவதியாகி மடிய, நான்காம் அம்பால் கோட்டை பிளந்து, தன் குலப்பெருமை உட்பட நாலு பக்கம் தட்டினான். ஆதாரம் இணைக்கும் கட்டத்தை வெறிதே விடுத்து, "உண்மைக்கு இன்னாத்துக்கு அட்டாச்மென்ட்டு?" என்று முழங்கினான்.

இருபத்தெட்டாம் நாள் ஓலை வந்தது: கடன் தந்த கம்பெனி விவரம் சரியென்கிறது, மறுப்பவர் கடன் முடிந்த என்ஓசி கடிதத்தை இணைக்கவும்.

அக்கடிதத்தையோ, பைக்கை விற்ற அன்று, "எல்லா பேப்பரும் சீட்டுக்கு அடியில கீது, எடுத்துக்கோ நைனா" என்று கடையெழு வள்ளல்களும் நாணும்படி நண்பன் ஜேம்ஸுக்கு ஈந்துவிட்டான். ஜேம்ஸ் அதே வள்ளன்மையோடு அவ்வண்டியை ஆவடியில் யாருக்கோ விற்றிருந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில், தேரிழந்த மன்னனெனச் சாய்ந்தான் ஜாபஸ்.

ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள் ஞானகுமாரி.

"அந்த என்ஓசியா? மூணு காப்பி கீது. ஒண்ணு போதுமா?"

காகிதம் பறந்தது, அரக்கன் வீழ்ந்தான், மூன்று வாரத்தில் ரிப்போர்ட் பால்போல் வெளுத்தது, வங்கியும் தலையசைத்தது. வென்ற வேந்தன், திருத்திய ரிப்போர்ட்டை மார்போடணைத்து, சங்கமோ முரசமோ ஒலிக்காத ரயில் நிலையச் சாலையில் தனியே நடந்து, தெரிந்தவர் எவரேனும் உளரோவென எண்டிசையும் நோக்கி, ஒரு கடைமுன் நின்றான்.

மூணு ஜெராக்ஸ் எடுத்து ஆறு ரூபாய் கொடுத்தான்.