தண்டனையாகக் கிடைத்த பாதி

ஒரு காட்டில் அஞ்சலை என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். கணக்கில் புலி. அதனாலேயே அவளோடு பேச்சுக் கொடுக்க எல்லோரும் பயந்தார்கள். மழைக்காலம் நெருங்கிவிட்டது, வளைக்குள் நான்கு குட்டிகள். இருபத்தைந்து கிழங்காவது சேராவிட்டால் ஒரு குட்டி பட்டினியில் போய்விடும்.

அவளும் மாயாண்டி என்ற கரடியும் சேர்ந்து அறுபது வள்ளிக்கிழங்கு எடுத்தார்கள். மோப்பம் பிடித்தவருக்கு ஒன்று, தோண்டியவருக்கு இரண்டு என்பது அந்தக் காட்டு வழக்கம். மோப்பம் அஞ்சலையுடையது. ஆக அவளுக்கு இருபது, கரடிக்கு நாற்பது. அஞ்சலைக்கு ஐந்து குறைந்தது. ஆனாலும் வழக்கத்தை மீற மனசு வரவில்லை.

கிழங்கை வீட்டுக்குக் கொண்டுபோகக் காட்டு அலுவலகக் கவுண்டரில் படிவம் கொடுக்க வேண்டும். அரை நாள் வரிசையில் நின்றார்கள். 'மோப்பம் பிடித்தவர் பங்கு, பின்னத்தில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அஞ்சலை 1/3 என்று எழுதினாள்.

எட்டிப் பார்த்த கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏ புள்ள, ஒண்ணுக்கு ரெண்டுன்னுதானே பேச்சு? மூணு எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டு. சேத்தா மூணு அண்ணே. அதுல ஒண்ணு என்னுது."

"இருக்கறது ரெண்டு பேரு. மூணாவது பங்காளி யாரு?"

"யாருமில்லண்ணே. ஒண்ணுக்கு ரெண்டுங்கறது நம்ம ரெண்டு பங்கையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறது. பின்னம்னா மொத்தக் குவியல்ல என்னுது எவ்வளவுன்னு பாக்கறது. ரெண்டுல ஒண்ணுன்னு போட்டா எனக்குப் பாதி வந்துரும். உங்களுக்குத்தான் நட்டம்."

"ரெண்டைவிட மூணு பெருசுன்னு தெரியாத மடையனா நான்?"

கவுண்டரிலிருந்த மந்தி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அம்மா, ஒண்ணு மேல, ரெண்டு கீழ. பதினெட்டு வருசமா இந்த சீட்ல இருக்கேன். மூணு போட்டு ஒண்ணும் பாஸ் ஆனதில்ல."

இந்த இடத்தில் அஞ்சலை வாயை மூடியிருக்கலாம். மூட முடியவில்லை. தப்புக் கணக்கைப் பார்த்தால் அவளுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். கிழங்கை மும்மூன்றாக அடுக்கிக் காட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதும்விட்டாள். பின்னால் நின்ற காட்டெருமை, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றது.

"அழுது ஏமாத்தப் பாக்கறியா? ஒழுங்கா பாதியை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு!" என்று கரடி உறுமியது. மந்தி 1/3-ஐ அடித்து, 1/2 எழுதி, முத்திரை குத்தினார். ஆளுக்கு முப்பது. ஒரு திருட்டைத் தடுத்த பெருமையோடு கரடி தன் முப்பதைத் தூக்கிக்கொண்டு போனது.

குட்டிகள் நான்கும் அந்த மழையைத் தாண்டின. கணக்கு தோற்றுப்போன துக்கத்தில் அஞ்சலை மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷமும் அதே கரடி, அதே வரிசை. குட்டிகள் இப்போது ஆறு. அஞ்சலை கட்டத்தில் 1/4 என்று பெரிதாக எழுதி, கரடியின் கண்ணில் நன்றாகப் படும்படி படிவத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

நீதி: எப்போதும் நேர்மையாக இருங்கள், கூட்டாளியை மட்டும் கணக்குத் தெரியாதவராகப் பார்த்துப் பிடியுங்கள்.