கத்தரிக் கிராணியின் நாலு பக்கம்

ஜப்பான் காலத்தில் ஜோகூரையே நடுங்க வைத்தவர்கள் இரண்டே பேர்: ஒருவர் ஜப்பான்காரர், இன்னொருவர் எங்கள் கத்தரிக் கிராணி. அவர் தலையை வெட்டினார்; இவர் வாக்கியத்தை வெட்டினார்.

காஹாங் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி அவர், நான் சின்னக் கிராணி. வெள்ளைக்கார துரை ஓடிப்போனபோது விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் புதுமாதிரிக் கவிதை பற்றி ஒரு கட்டுரை படித்துவிட்டார். கவிதை என்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு காட்சி; அலங்காரம், அடைமொழி கூடவே கூடாது. அன்றோடு தோட்டத்தில் அரிசியைப் போல அடைமொழிக்கும் பஞ்சம்.

"மரவள்ளி அமிர்தமா இருக்குண்ணே" என்று தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"அமிர்தத்த நீ பாத்தியா? கிழங்கு. நடுவுல நார். அவ்வளவுதான்லா!"

ஒரு கல்யாணத்தில் "நிலவு போன்ற மணமகளே" என்று வாழ்த்த ஆரம்பித்தவரைக் கை அமர்த்தி, "மூக்குத்தி. பக்கத்துல வேர்வ. உக்காருங்க" என்றார்.

தோட்டத்தைப் பார்வையிட ஜப்பானிய அதிகாரி ஒரு மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். வரவேற்புக் கவிதை இவர் பொறுப்பு. "உதயசூரியனேன்னு ஆரம்பிங்கண்ணே, உசுரு தப்பும்" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே? மூன்றே வரி படித்தார்:

பூட்ஸ்.
ஏறும் அட்டை.
மழை.

"அலமாக், செத்தோம்" என்று முனகிவிட்டு மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் சொன்னார். அதிகாரி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். நிஜமாகவே ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. யோசித்து, மழையை எடுத்துவிடச் சொன்னார்.

"மழ இல்லாம அட்ட எங்கேருந்து வரும்? கேளுங்க அவர!" என்று கிராணி பாய்ந்தார்.

பளார் என்று ஓர் அறை. அறைந்த கையே ஒரு சிகரெட்டையும் நீட்டியது. வீங்கிய கன்னத்தோடு திரும்பி நடக்கையில் கிராணி சொன்னார்: "அவன் சொன்னது சரிதான். மழ வேணாம்."

அடுத்த மாதம் சயாமில் ரயில் பாதை போடப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்தது. முன்னால் போன எவரும் அதுவரை திரும்பவில்லை. என் மனைவிக்கோ எட்டாம் மாதம். வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இரண்டாம் நாள் பட்டியலில் என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. எப்படி என்று மொழிபெயர்ப்பாளர்தான் சொன்னார். கிராணி மனுவோடு அதிகாரியிடம் போயிருக்கிறார். நாலு பக்கம்! "கருணைக் கடலே, கீழ்த்திசைச் செஞ்ஞாயிறே" என்று தொடக்கம். நான் தங்கக்கம்பி, என் மனைவி வாடிய முல்லைக்கொடி. மூன்றாம் பக்கத்தில் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, "பேர அடிச்சிடறேன், நிறுத்தச் சொல்லு" என்றாராம்.

நன்றி சொல்ல ஓடினேன். கிராணி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அந்தக் கண்றாவிய யாருகிட்டயும் சொல்லிடாதப்பா. மானம் போயிடும்லா."

அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை.